ஜப்பானிய மொழி: அலுக்காமல் தொடங்குவது எப்படி?

ஓசூரிலிருந்து ஒரு வாசகரின் கேள்வி, பிப்ரவரி 26, 2024

வாகன உதிரிபாக ஆலையில் வேலை பார்க்கிறேன். ஜப்பானிய மொழி தெரிந்தால் பதவி உயர்வுக்கு உதவும் என்கிறார்கள். கைப்பேசிச் செயலியில் தொடங்கினேன். ஆப்பிள் சாப்பிடுவதையும் தண்ணீர் குடிப்பதையும் தாண்டுவதற்குள் அலுத்துவிட்டது. புத்தகத்தைத் திறந்தால் பாதிப் பக்கம் ஆங்கில விளக்கம். எனக்கோ ஆங்கிலமே அரைகுறை. ஆங்கிலம் சரியாக வராதவன் ஜப்பானிய மொழியைத் தொடவே கூடாதா? சுவாரசியமாகத் தொடங்க வழி ஏதாவது உண்டா?

பிப்ரவரி 26, இரவு

தாராளமாகத் தொடலாம். ஆங்கிலத்தை ஓரமாக வைத்துவிட்டு வருகிறவருக்குத்தான் இந்த மொழி சீக்கிரம் வசப்படுகிறது. ஒரகடம் பக்கம் ஓர் ஆலையில் மொழிபெயர்ப்பாளராக இருக்கிறேன். வேலை முடிந்தபின், புதிதாகச் சேர்ந்தவர்களுக்கு ஜப்பானிய மொழி சொல்லிக்கொடுப்பதும் உண்டு. தமிழ் வழியில் படித்து வந்தவர்கள் வாக்கியம் அமைக்கும் வேகத்தைக் கண்ணால் பார்த்துவிட்டுத்தான் இதைச் சொல்கிறேன்.

ஒரு வாக்கியம் தருகிறேன். கினோ மிஸெ தெ கத்த ஹொன் ஒ யொன்தெ ஷிமத்த.

கினோ என்றால் நேற்று. மிஸெ கடை; அதையொட்டி வரும் தெ நம்முடைய 'இல்'. கத்த, வாங்கிய. ஹொன், புத்தகம், ஒ என்பது இரண்டாம் வேற்றுமை 'ஐ'. யொன்தெ, படித்து. ஷிமத்த, விட்டேன். வரிசையைக் கலைக்காமல் சேர்த்துப் படியுங்கள்: நேற்று கடையில் வாங்கிய புத்தகத்தைப் படித்துவிட்டேன். ஒரு சொல்கூட இடம் மாறவில்லை. இதையே ஆங்கிலத்தில் சொல்வதென்றால் வினை முன்னால் ஓடிவரும், நேற்று கடைசிக்குப் போய்விடும், 'வாங்கிய' என்ற பெயரெச்சத்துக்குத் தனியாக ஒரு துணை வாக்கியம் கட்டவேண்டும். நீங்கள் செயலியில் தினமும் செய்துகொண்டிருந்தது இதைத்தான். தமிழிலிருந்து ஆங்கிலத்துக்குப் போய், எல்லாவற்றையும் தலைகீழாக்கி, மறுபடியும் தலைகீழாக்கி ஜப்பானியத்துக்கு வந்திருக்கிறீர்கள். அலுக்காமல் என்ன செய்யும்?

இன்று இரவே ஒரு விளையாட்டைத் தொடங்குங்கள். வீட்டில் நாம் வாய் ஓயாமல் சொல்லும் குட்டி வாக்கியங்களை எடுத்துக்கொண்டு சொல்லுக்குச் சொல் மாற்றிப் பாருங்கள். சாப்பிட்டுப் பார்: தபெதெ மிரு. இங்கும் 'பார்' என்பது கண்ணால் பார்ப்பதே. நம்மைப் போலவே அவர்களும் சோதித்துப் பார்ப்பதற்கு அதைத்தான் வைத்திருக்கிறார்கள். வாங்கி வை: கத்தெ ஒகு. ஒகு என்றால் வை. வீட்டைவிட்டுக் கிளம்பும்போது அவர்கள் சொல்வது இத்தெ கிமஸ், போய் வருகிறேன். 'போகிறேன்' என்று மொட்டையாகச் சொல்லிவிட்டுக் கிளம்பும் வழக்கம் அங்கேயும் இல்லை.

பிப்ரவரி 27, காலை

இரவு எழுத விட்டுப்போனது. நீங்கள் ஆலையில் இருப்பதால் வெறுங்கையோடு வரவில்லை. கைசென், கன்பான், முதா, கெம்பா, போக்காயோக்கே: ஆலை வேலையில் வழங்கும் இந்த ஜப்பானியச் சொற்களை ஓசூரிலும் ஒரகடத்திலும் பத்தாம் வகுப்போடு படிப்பை நிறுத்தியவர்கூடப் பேசிக்கொண்டிருக்கிறார். சுவரில் தொங்கும், பணியிட ஒழுங்குக்கான 5 எஸ் பலகையில் செய்ரி, செய்தொன், செய்ஸோ, செய்கெத்ஸு, ஷித்ஸுகெ என்று ஐந்து சொற்கள் இருக்கும். முதல் நான்கில் வரும் 'எய்' ஒலியை ஜப்பானியர் பெரும்பாலும் நெடில் ஏகாரமாகவே சொல்கிறார்கள்: சேரி, சேதொன். நாளை பணி தொடங்கும்போது அந்தப் பலகை முன்னால் நின்று ஒருமுறை வாய்விட்டுச் சொல்லிப் பாருங்கள்.

பிப்ரவரி 29

இரட்டைக்கிளவி பற்றிப் பேசாமல் மேலே போக மனம் வரவில்லை. எனக்கு இந்த மொழியின்மேல் பிடிப்பு வந்ததே இதனால்தான்.

பிகபிக என்றால் பளபள. கிரகிர, மினுமினு. தொகிதொகி என்றால் நெஞ்சு படபட. ஸரஸர என்றால் சொரசொர. முதல் ஒலியை ஆங்கில 'இஸட்' போல அதிர வைத்துச் சொல்லவேண்டும். ஒட்டிக்கொள்ளும் பிசுபிசுப்புக்கு பெதபெத. வழுக்கும் வழவழப்புக்கு த்ஸுருத்ஸுரு. ஆணி கழன்று ஆடும் இயந்திரத்துக்கு கதகத. வயிறு ஒட்டிய பசிக்கு பெகொபெகொ. தங்குதடையில்லாமல் ஒரு மொழியைப் பேசுகிறவரைப் பற்றிச் சொல்வதற்கு பெரபெர. ஆயிரக்கணக்கில் இருக்கின்றன. ஆங்கிலம் வழியாக வருகிறவர்களுக்கு இவை ஒவ்வொன்றும் மனப்பாடச் சுமை. நமக்கோ பிறந்ததிலிருந்து இந்தச் சங்கதி பழக்கம். சோற்றையும் துணியையும் மழையையும் இப்படித்தானே பேசி வளர்ந்தோம்.

எங்கள் ஆலையில் பார்த்தது. மெருகேற்றி வந்த ஒரு பாகத்தை ஜப்பானியப் பொறியாளர் வெளிச்சத்தில் பிடித்து, ஓரத்தை ஆள்காட்டி விரலால் தடவினார். ஓர் இடத்தில் விரல் நின்றது. "ஸரஸர" என்றார். நான் வாயைத் திறப்பதற்கு முன்பே, பக்கத்தில் இருந்த பையன் அதே இடத்தில் தன் விரலை வைத்துப் பார்த்து "சொரசொரப்பா இருக்கு சார்" என்றான். இருவரும் ஒருவரையொருவர் பார்த்துத் தலையாட்டிக்கொண்டார்கள். பாகம் திரும்பப் போயிற்று. மொழிபெயர்ப்பாளருக்கு அங்கே வேலையே இருக்கவில்லை.

தொல்காப்பியம் 'இரட்டைக்கிளவி இரட்டிற் பிரிந்திசையா' என்கிறது. ஜப்பானியத்தில் அத்தனை கண்டிப்பு இல்லை. மின்னிக்கொண்டே இருந்தால் பிகபிக. பளிச்சென்று ஒரே ஒரு முறை மின்னினால் பிகத்தொ. தினம் ஒன்று எடுங்கள். எடுத்த சொல்லை அன்றைக்கே ஏதாவது ஒரு பொருளைத் தொட்டுச் சொல்லுங்கள். ஏட்டில் எழுதி வைத்தால் தங்காது; கை பட்டால் தங்கிவிடும்.

மார்ச் 2

"எழுத்து எப்போது கற்பது? அதுவரை தமிழிலேயே எழுதிப் படிக்கலாமா?" என்று மதுரையிலிருந்து ஒருவர் கேட்டிருக்கிறார்.

ஜப்பானியத்தின் அடிப்படை எழுத்தான ஹிரகானாவை முதல் வாரத்திலேயே தொடங்கிவிடுங்கள். 46 எழுத்துகள்தான். வரிசையைப் பாருங்கள்: அ, இ, உ, எ, ஒ. பிறகு க, ச, த, ந, ஹ, ம, ய, ர, வ. ஹ வரிசை பழங்காலத்தில் ப வரிசையாக இருந்தது. அதைப் போட்டுப் படித்தால் க ச த ந ப ம ய ர வ. நம் அரிச்சுவடியில் சில எழுத்துகளைத் தாண்டிப் போவதுபோல இருக்கும். இது தற்செயல் இல்லை. பௌத்தத் துறவிகள் வடமொழியைச் 'சித்தம்' என்ற பழைய இந்திய எழுத்தில் படித்தார்கள்; அந்த நெடுங்கணக்கு முறையைப் பார்த்துத்தான் ஜப்பானிய எழுத்துகளும் வரிசைப்படுத்தப்பட்டன. அகராதியில் ஒரு சொல்லைத் தேடும்போது நமக்கு வழி ஏற்கெனவே தெரியும்.

தமிழ் எழுத்தில் எழுதிப் படிப்பது வேண்டாம் என்பேன். இங்கே நான் அப்படி எழுதுவது எல்லோரும் படிப்பதற்காக. நம் எழுத்தில் க என்று ஒன்றுதான். ஜப்பானியத்தில் வல்லொலி க வேறு, அதிரும் க வேறு. இதைவிடப் பெரிய தொல்லை மெல்லினத்துக்குப் பின்னால் வருகிறது. தங்கம், பந்து, கம்பு என்று மெல்லினத்தையடுத்த வல்லினத்தை நாம் தானாகவே மென்மையாக்கிவிடுவோம். ஜப்பானிய மொழியில் வங்கிக்குப் பெயர் கின்கோ. முதல் க அதிரும், இரண்டாவது க அதிராது. நம் வாய் இரண்டையும் அதிரவைத்து 'வங்கி'யில் வரும் ங்க ஆக்கிவிடும். நடந்துவரப் போவது சன்பொ. அதன் பொ 'பொன்'னில் வருவதைப்போல வன்மையாக ஒலிக்கவேண்டும், நாம் 'சம்பொ' என்று மழுக்கிவிடுவோம். ஹிரகானாவில் அதிரும் எழுத்துக்குத் தலையில் இரண்டு சிறு கோடுகள் உண்டு. கண் அதைப் பார்த்துப் பழகினால் வாய் தானாகத் திருந்தும்.

குறில் நெடிலில் மட்டும் யாரும் நம்மை அடித்துக்கொள்ள முடியாது. ஒபஸன் என்றால் அத்தை அல்லது நடுவயதுப் பெண். ஒபாஸன் என்றால் பாட்டி. இதில் வெளிநாட்டவர் படும் பாடு கொஞ்சமில்லை. கிதெ என்றால் வந்து, கித்தெ என்றால் தபால்தலை. ஒற்று மிகுந்தால் பொருள் மாறும் என்பதை நமக்கு யார் சொல்லித்தரவேண்டும்? அவர்களும் மாத்திரைக் கணக்கில்தான் பேசுகிறார்கள். குறிலுக்கு ஒன்று, நெடிலுக்கு இரண்டு. ஒரே வேறுபாடு, நம் மெய்யெழுத்துக்கு அரை மாத்திரை. அவர்களுடைய ன் முழு மாத்திரை. ஹொன் என்பது இரண்டு தட்டு. தொடையில் தாளம் போட்டுச் சொல்லிப் பாருங்கள்.

மார்ச் 4

முந்தைய குறிப்பை வாசித்துவிட்டு, "எழுத்து என்று தொடங்கினாலே எனக்குத் தூக்கம் வருகிறது" என்று ஓசூர் நண்பர் எழுதியிருக்கிறார். அவர் சொல்வதிலும் நியாயம் இருக்கிறது. எட்டு மணி நேரம் நின்று வேலை பார்த்துவிட்டு வந்து 46 எழுத்தை உட்கார்ந்து எழுது என்றால் யாருக்குத்தான் வரும்? முதல் வாரம் என்று நான் கெடு வைத்ததைத் தளர்த்திக்கொள்ளலாம். அதற்கு முன்னால் வாயால் ஆடும் ஓர் ஆட்டம் இருக்கிறது.

ஷிரிதொரி என்று பெயர். அந்தாதிதான். ஒருவர் சொன்ன சொல்லின் கடைசி எழுத்தில் அடுத்தவர் தொடங்கவேண்டும். ஸகுர என்றால் செர்ரி மலர். ர வில் முடிகிறது. ரகுத, ஒட்டகம். தருமா. தருமா என்பது போதிதர்மரின் பெயரில் வழங்கும் சிவப்பு பொம்மை. காஞ்சியிலிருந்து போனவர் என்று நம் பக்கத்து மரபு சொல்லுமே, அவர்தான். அடுத்து மதொ, ஜன்னல். ஆட்டத்தில் ஒரே ஒரு கண்ணி உண்டு: ன் ஒலியில் முடியும் சொல்லைச் சொல்லிவிட்டால் தோல்வி. ஏனென்றால் ஜப்பானியத்தில் எந்தச் சொல்லும் ன் என்று தொடங்காது. ஹொன் என்று புத்தகத்தைச் சொன்னால் போச்சு. மிகன் என்று ஆரஞ்சைச் சொன்னாலும் போச்சு. பன் என்று ரொட்டியைச் சொன்னாலும் போச்சு.

ஆறு வயதுப் பிள்ளைகள் காரில் போகும்போது ஆடும் ஆட்டம் இது. ஆனால் தொடக்க நிலையில் இருப்பவருக்கு இதைவிட நல்ல பயிற்சி எனக்குத் தெரியாது. எந்தச் சொல்லைச் சொல்வது என்று தேடும்போது, ஏற்கெனவே தெரிந்த சொற்களையெல்லாம் மனம் ஒருமுறை புரட்டிப் பார்த்துவிடுகிறது. எதிராளி சொன்ன புதுச்சொல்லுக்கு அர்த்தம் கேட்காமல் விடமாட்டோம், ஏமாற்றுகிறாரோ என்ற சந்தேகம்தான் காரணம். அப்படிக் கேட்டுத் தெரிந்துகொண்ட சொல் மறப்பதே இல்லை. எங்கள் பேருந்தில் ஒரகடத்திலிருந்து தாம்பரம் போய்ச் சேரும்வரை இந்த ஆட்டம் ஓடும். முதலில் சொல் பத்தாமல் திணறுவார்கள். உணவகப் பட்டியல், உடல் உறுப்பு, கருவிப் பெட்டி என்று ஆளுக்கொரு பக்கம் சேகரிக்கத் தொடங்கிவிடுவார்கள். ஒருவர் மீன் பெயர்களாகவே திரட்டிக்கொண்டு வந்தார். அவரை வெல்ல முடியவில்லை.

தனியாக இருப்பவர்கள் தங்களோடு தாங்களே ஆடலாம். நடக்கும்போது நன்றாக வரும்.

மார்ச் 10

இன்று ஒசாகாவில் சுமோ மல்யுத்தப் போட்டி தொடங்குகிறது. ஆண்டுக்கு ஆறு போட்டி, ஒற்றைப்படை மாதங்களில், ஒவ்வொன்றும் 15 நாள். ஜனவரி, மே, செப்டம்பர் தோக்கியோ, மார்ச் ஒசாகா, ஜூலை நகோயா, நவம்பர் ஃபுகுஓகா. ஒரு மல்லுக்கட்டு பெரும்பாலும் சில விநாடிகளில் முடிந்துவிடும். அதற்கு முன்னால் உப்பு வீசுவதும் குந்துவதும் முறைப்பதுமாக நிமிடக்கணக்கில் போகும். மொழி கற்பவனுக்கு அந்த இடைவெளிதான் வேண்டும்; வர்ணனையாளர் அவசரமில்லாமல், திரும்பத் திரும்ப, அதே சொற்களைப் பேசுவார். ஜப்பானிய வர்ணனையோடு கூடிய காட்சித் துண்டுகள் இணையத்தில் கிடைக்கும். ஆங்கில வர்ணனையைத் தவிருங்கள்.

நாட்களின் பெயரை முதலில் பிடியுங்கள். முதல் நாள் ஷொனிசி. அப்புறம் ஃபுத்ஸுகமெ, மிக்கமெ, யொக்கமெ. எட்டாம் நாள் நகபி. கடைசி நாள் ஸென்ஷூரகு. மாதத்தின் தேதிகளுக்கும் ஃபுத்ஸுக, மிக்க, யொக்க என்றுதான் சொல்வார்கள். வகுப்பில் இந்தப் பட்டியலை உருப்போட்டுச் சலிக்காதவர் இல்லை. சுமோ பார்க்கிறவனுக்கு இது கூலியில்லாமல் வந்துசேரும்.

அடுத்தது வெற்றி முறைகளின் பெயர். அதிகாரபூர்வமாக 82 உண்டு. பத்துப் பன்னிரண்டு தெரிந்தால் பெரும்பாலான ஆட்டங்களுக்குப் போதும். ஒஷி என்றால் தள்ளி. ஒஷிதஷி, தள்ளி வெளியேற்றுவது. ஒஷி தஒஷி, தள்ளி வீழ்த்துவது. யொரி தஒஷி, நெருக்கிப் பிடித்து வீழ்த்துவது. இரண்டு வினைகளை ஒட்டவைத்து ஒன்றாக்கும் வித்தை கண் முன்னால் நடக்கிறது. தஒஷி என்று அறிவிப்பு வந்தால் ஒருவர் மண்ணில் விழுந்து கிடப்பார். இதற்கு மேல் விளக்கம் எதற்கு?

மார்ச் 11

"எனக்குச் சுமோ பிடிக்காது, அந்த நேரத்தில் வேலையில் இருப்பேன்" என்று இரண்டு பேர். சரி. முக்கிய ஆட்டங்கள் அங்கே மாலை ஆறு மணிக்கு முடியும்போது நமக்கு மதியம் இரண்டரை, அதனால் இரண்டாவது காரணத்தை ஏற்கிறேன்.

அவர்களுக்கு ரஜியோ தைஸோ. வானொலி உடற்பயிற்சி. 1928இல் தொடங்கியது, இப்போது வழங்கும் முதல் பயிற்சி 1951இல் வந்தது. பியானோ இசைக்கு ஏற்ப ஒரு குரல் கட்டளை சொல்லும், மூன்று நிமிடத்தில் முடிந்துவிடும். அங்கே காலை ஆறரைக்கு ஒலிபரப்பாகிறது, நமக்கு அதிகாலை மூன்று, ஆகவே பதிவைப் போட்டுக்கொள்ளுங்கள். உதெ, கை. மயெ கர, முன்னாலிருந்து. உயெ நி, மேலே. யொகொ, பக்கவாட்டு. மகெரு, வளை. ஒவ்வொரு சொல்லுக்கும் உடம்பு ஓர் அசைவை வைத்திருக்கும். குரலை நிறுத்திவிட்டு நீங்களே கட்டளை சொல்லிக்கொண்டு செய்யும் நாள் வந்தால் வேற்றுமை உருபில் பாதி கைக்குள் வந்துவிட்டது என்று அர்த்தம்.

மார்ச் 24, மாலை

ஒசாகா சுமோவில் தகெருஃபுஜி வென்றுவிட்டார்! முதல் பிரிவுக்கு வந்த முதல் போட்டியிலேயே கோப்பை. 1914க்குப் பிறகு இப்படி நடந்ததே இல்லை, 110 ஆண்டு. நேற்று 14ஆம் நாள் தோற்றபோது வலது கணுக்காலில் அடிபட்டு, சக்கர நாற்காலியில் கொண்டுபோனார்கள். இன்று ஏறி நிற்பாரா என்றே தெரியாமல் இருந்தது. ஏறினார், கோனோயாமாவை வென்றார். ஜூஸன்ஷோ நிஹை: 13 வெற்றி, 2 தோல்வி. வர்ணனையாளர் குரல் உடைந்து கத்தியதில் எனக்குப் புரிந்தது பாதி இருக்கும். மீதி பாதியைத் தேடிப்பிடிக்கப் பின்னோக்கி ஓட்டிக்கொண்டிருக்கிறேன். எந்தப் பாடப் புத்தகத்துக்காகவும் ஒரே நிமிடத்தை இத்தனை தடவை கேட்டதில்லை.

ஏப்ரல் 3

"தமிழிலிருந்துதான் ஜப்பானிய மொழி வந்தது என்று ஒரு ஜப்பானியரே நிறுவிவிட்டாராமே?" என்ற கேள்வி எதிர்பார்த்ததுதான்.

அவர் சுசுமு ஓனோ, 1919இல் பிறந்து 2008இல் மறைந்த பெரிய அறிஞர். பழைய ஜப்பானிய இலக்கியத்திலும் அகராதித் தொகுப்பிலும் அவருடைய இடம் கெட்டியானது. தமிழுக்கும் ஜப்பானியத்துக்கும் உறவு உண்டு என்று பல ஆண்டுகள் உழைத்து எழுதினார். யாழ்ப்பாணத்துப் பேராசிரியர் சண்முகதாஸ், மனோன்மணி சண்முகதாஸ் இணையர் அவரோடு சேர்ந்து ஆய்ந்தார்கள். ஆனால் ஒப்பியல் மொழியியலாளர்கள் பெரும்பாலோர் அந்த முடிவை ஏற்கவில்லை. சொல் ஒப்புமைகள் தளர்வாக இருக்கின்றன என்பது அவர்களுடைய கண்டனம். வினை கடைசியில் வருவதும் சொல்லோடு உருபு ஒட்டுவதும் கொரிய மொழியிலும் துருக்கியிலும்கூட உண்டு.

அவர்மேல் எனக்கு மரியாதை நிறைய. ஆனால் நான் இங்கே வாதிடுவது உறவுக்காக இல்லை. இரண்டு வாக்கிய அமைப்பும் ஒரே பக்கம் பார்த்து நிற்கின்றன. அந்த வசதியைத் தொடக்கத்தில் முழுதாகப் பயன்படுத்திக்கொள்ளுங்கள் என்கிறேன், அவ்வளவே. 'தபெதெ இரு' என்றால் சாப்பிட்டுக்கொண்டு இருப்பது, அந்த இரு நம்முடைய இரு போலவே ஒலிக்கிறது. நினைவில் வைத்துக்கொள்ள அது உதவும். அதை வைத்து வரலாறு எழுதவேண்டாம்.

ஒன்று மட்டும் சொல்லத் தோன்றுகிறது. கொரெ, ஸொரெ, அரெ, தொரெ என்று அவர்களுக்குச் சுட்டு மூன்று, வினா ஒன்று. என்னிடம் இருப்பது, உன்னிடம் இருப்பது, இருவருக்கும் எட்ட இருப்பது, எது. இந்த நடுச்சுட்டு தமிழ்நாட்டில் பேச்சிலிருந்து மறைந்துவிட்டதால் இங்கே விளக்குவது கொஞ்சம் பாடு. யாழ்ப்பாணத்திலிருந்து ஒருவர் வந்து உட்கார்ந்தால் அரை நிமிடம்: இது, உது, அது, எது.

ஏப்ரல் 6

தமிழ் கைகொடுக்காத இடங்களையும் சொல்லிவிடவேண்டும், நம்பி வந்து பாதி வழியில் திகைக்கக் கூடாது. ஜப்பானிய வினையில் நான், அவன், அவள் என்ற விகுதி கிடையாது. யார் செய்தது என்பதைச் சூழலிலிருந்துதான் பிடிக்கவேண்டும். வ, க என்று இரண்டு இடைச்சொற்கள் எழுவாயையொட்டி வரும். எது எங்கே என்பதற்குத் தமிழில் பதில் இல்லை, காது பழகித்தான் வரும். சீனத்திலிருந்து வந்த கன்ஜி எழுத்துகள் அன்றாடப் பட்டியலில் மட்டும் 2136. அதற்குக் குறுக்குவழி எதையும் நான் கண்டதில்லை. தொடக்கத்தில் அதன் பக்கம் போகவேண்டாம்.

ஏப்ரல் 19

பள்ளி விடுமுறை, அக்காள் பிள்ளைகள் வந்திருக்கிறார்கள். பழைய கல்யாணப் பத்திரிகைகளை வெட்டிச் சீட்டுக்கட்டு செய்தோம். அட்டை கெட்டியாக இருக்கிறது, பின்பக்கம் வெள்ளை, அருமையான சரக்கு. பாதிச் சீட்டில் ஒரு ஹிரகானா எழுத்தும் படமும். மீதிப் பாதியில் வாக்கியம். கருத என்ற ஆட்டம். வாக்கியச் சீட்டை ஒருவர் உரக்கப் படிப்பார். அதன் முதல் எழுத்து எந்தச் சீட்டில் இருக்கிறதோ, தரையில் பரப்பியவற்றிலிருந்து அதை முதலில் அடித்துப் பிடிப்பவருக்குச் சீட்டு.

ஜப்பானில் பிள்ளைகள் ஆடும் இரொஹ கருதவில் வாக்கியங்களெல்லாம் பழமொழிகள். தோக்கியோ பக்கத்துக் கட்டில் முதல் சீட்டு: இனு மொ அருகெபா போ நி அதரு. இனு நாய், மொ நம்முடைய உம், அருகெபா நடந்தால், போ கம்பு, அதரு படும். நாயும் நடந்தால் கம்பில் அடிபடும். சும்மா இருக்காமல் அலைந்தால் அடிதான் மிஞ்சும் என்று ஒரு பொருள். அலைகிறவனுக்குத்தான் எதிர்பாராத நல்லது தட்டுப்படும் என்று நேர் எதிராக இன்னொரு பொருள். இரண்டையும் சொல்கிறார்கள். எங்கள் வீட்டில் சின்னவன் இரண்டாவதைத்தான் ஒப்புக்கொண்டான்.

நாங்கள் பழமொழி வரை போகவில்லை. "நெகொ, பூனை தூங்குகிறது" அளவில்தான். ஆனால் இரண்டாவது நாளே பிள்ளைகள் ந, ஹ, ம வரிசையெல்லாம் கண்ணை மூடிக்கொண்டு அடிக்கிறார்கள். ஓசூர் நண்பருக்கு: எழுத்தை உட்கார்ந்து எழுதப் பிடிக்கவில்லை என்றால் இப்படித் தரையில் அடித்துப் பிடியுங்கள். மார்ச் 2ஆம் தேதி எழுதியதை இனிமேல் இந்தக் குறிப்போடு சேர்த்துத்தான் படிக்கவேண்டும்.

மே 5

கதகானா. ஹிரகானா வந்தபின் அடுத்த 46. வெளியிலிருந்து வந்த சொற்களை இதில் எழுதுவார்கள், ஆகவே எழுத்தைக் கூட்டிப் படித்தால் முக்கால்வாசி சொற்களுக்குப் பொருள் தானாக விழும். இதைப்போல ஒரு புதிர் விளையாட்டு வேறு இல்லை. பஸு, பஸ். தகுஷீ, டாக்ஸி. ஹொதெரு, ஓட்டல். கரே என்று எழுதியிருந்தால் அது நம் கறி, ஆங்கிலம் சுற்றி அங்கே போய்ச் சேர்ந்தது.

மெய்யில் முடியும் அயற்சொல்லோடு அவர்கள் பெரும்பாலும் உகரம் சேர்ப்பார்கள். ஐயோ, எப்படி மாறிவிட்டது என்று ஆங்கிலம் படித்தவர்கள் மலைப்பார்கள். நாம் பேச்சில் பஸ்ஸு, பேங்கு, பல்பு என்று சொல்வதை ஒருமுறை நினைத்துக்கொள்ளுங்கள். மரியாதை வாக்கியத்தின் முடிவில் வரும் தெஸு என்பதில் கடைசி உகரம் ஏறத்தாழ மறைந்து தெஸ் என்று ஒலிக்கும். குற்றியலுகரம் படித்தவருக்கு இது புதிதே இல்லை.

ஜப்பானியப் பேனா, பிஸ்கட், இயந்திரம், எதன் உறையையும் தூக்கிப் போடாதீர்கள். படித்துவிட்டுப் போடுங்கள்.

மே 21

"விளையாட்டெல்லாம் சரி, தேர்வு?" என்று கோயம்புத்தூரிலிருந்து ஒரு தாயார் கேட்டிருக்கிறார். மகள் ஜூலையில் ஜப்பானிய மொழித் திறன் தேர்வில் என்5 எழுதுகிறாராம்.

அம்மா, என்5தான் கீழ்ப்படி. இன்னும் நான்கு படி ஏறினால் என்1. ஆண்டுக்கு இரண்டு முறை, ஜூலையிலும் டிசம்பரிலும், சென்னையிலும் நடக்கிறது. தேர்வுக்கு இன்னும் ஆறேழு வாரம்தான், ஆகவே மாதிரி வினாத்தாள்களைச் செய்யட்டும். அதற்கு மாற்று இல்லை. ஆனால் அந்தத் தேர்வில் பேச்சும் கிடையாது, எழுத்தும் கிடையாது. எல்லாமே விடையைத் தேர்ந்தெடுப்பதுதான். என்3 முடித்துவிட்டு ஆலைக்கு வந்து, ஜப்பானியர் ஒருவர் எதிரில் நின்றதும் வாய் பூட்டிக்கொண்ட கெட்டிக்காரப் பிள்ளைகளைப் பார்த்து எனக்கு மனம் வலித்திருக்கிறது. படிப்பில் அவர்களிடம் எந்தக் குறையும் இல்லை. தப்பும் தவறுமாகப் பேசிச் சிரித்துக்கொள்ள ஓர் இடத்தை யாரும் அவர்களுக்குக் கொடுக்கவில்லை. உங்கள் மகளுக்குத் தினம் கால் மணி நேரம் ஷிரிதொரி ஆட ஒரு தோழியைத் தேடிக்கொடுங்கள்.

தேர்வுக்குப் பிறகு ததொகு தொடங்கலாம். நிறைய வாசிப்பது என்று பொருள். அதற்கென்றே எளிய படக்கதைகளைத் தரம் பிரித்து இலவசமாக வெளியிடுகிறார்கள். விதிகள் எனக்கு மிகவும் பிடித்தவை. மிக எளிய புத்தகத்திலிருந்து தொடங்கு. அகராதியைத் திறக்காதே. புரியாத இடத்தைத் தாண்டிப் போ. ஓடவில்லை என்றால் அந்தப் புத்தகத்தை மூடிவிட்டு வேறொன்றை எடு. நான்காவது விதியைக் கடைப்பிடிக்கத்தான் நம்மவர்கள் திணறுகிறார்கள். எடுத்ததை முடிக்காமல் வைப்பது குற்றம் என்று வளர்த்துவிட்டார்கள். தாராளமாக மூடுங்கள்.

ஜூன் 8

ஓசூர் நண்பர் எழுதியிருக்கிறார். உணவு இடைவேளையில் நான்கு பேர் ஷிரிதொரி ஆடுகிறார்களாம். கருவிப் பெயர்களெல்லாம் தீர்ந்துவிட்டதாம். ரு என்று முடியும் சொல்லைச் சொல்லி எதிராளியை முடக்குவதே இப்போது உத்தியாம், ரு வில் தொடங்கும் சொல் குறைவு என்பதால். தேர்ந்த ஆட்டக்காரர்கள் செய்வது அதேதான், இவராகவே கண்டுபிடித்திருக்கிறார். ருஸு என்று ஒன்று இருக்கிறது நண்பரே, வீட்டில் ஆள் இல்லாமல் இருப்பது. ஒருமுறை தப்பிக்கலாம்.

எழுதிப் பழக எந்த நோட்டு வாங்குவது என்றும் கேட்டிருக்கிறார். கட்டம் போட்ட கணக்கு நோட்டு போதும், சிறிய கட்டமாக இருந்தால் நான்கைச் சேர்த்து ஒன்றாக்கிக்கொள்ளுங்கள். நடுவில் குறுக்கும் நெடுக்குமாகக் கோடு கிடைத்துவிடும். அங்கே பள்ளிப் பிள்ளைகள் எழுதும் நோட்டிலும் அப்படித்தான் புள்ளிக்கோடு போட்டிருப்பார்கள். மை பேனா வேண்டாம், பென்சில்.